13-உம் 20-உம் சேர்ந்து சுழலும்போது: ஆஸ்டெக் நாட்காட்டியைக் கற்கத் தொடங்குவோருக்கு

ஆஸ்டெக் நாட்காட்டி என்று தேடினால் ஒரு பெரிய வட்டக் கல்லின் படம் வந்து நிற்கும். நடுவில் நாக்கை நீட்டிய ஒரு முகம், சுற்றிலும் வளையம் வளையமாகச் செதுக்கல்கள். இதைப் படித்துவிட்டால் எல்லாம் புரிந்துவிடும் என்ற ஆசை யாருக்கும் வரும். நானும் அங்கேதான் தொடங்கினேன், பல வாரம் நகராமல் நின்றேன். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கல்லைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்காட்டி கண்ணால் பார்த்துப் புரிகிற விஷயம் இல்லை, கையால் எண்ணிப் புரிகிற விஷயம்.

ஆஸ்டெக் என்று நாம் அழைப்பவர்கள் தங்களை மெஷிகா என்றே சொல்லிக்கொண்டார்கள். இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில், தெஷ்கோகோ ஏரிக்குள் இருந்த தெனோச்தித்லான் அவர்கள் தலைநகர். பேசிய மொழி நாவாட்டில். இன்றும் மெக்சிகோவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பேசுகிறார்கள். கீழே சொல்லப்போகும் கணக்கு மெஷிகாவுக்கு மட்டும் உரியது அல்ல. ஏரியைச் சுற்றியிருந்த மற்ற நகரங்களும், தெற்கே மாயர்களும், அவர்களுக்கு முந்தியவர்களும் இதே அடித்தளத்தில்தான் எண்ணினார்கள். குவாத்தமாலாவின் சான் பார்த்தோலோவில் கிடைத்த சுவரோவியத் துண்டு ஒன்றில் ‘7 மான்’ என்ற நாள் இருக்கிறது. அதன் காலம் கி.மு. 300-க்கும் 200-க்கும் இடைப்பட்டது.

முதல் படி: இருபதால் எண்ணப் பழகுங்கள்

நமக்குப் பத்து எப்படியோ அவர்களுக்கு இருபது அப்படி. நாவாட்டிலில் இருபதுக்கு ‘செம்போவல்லி’ என்று பெயர். ‘ஒரு முழு எண்ணிக்கை’ என்று பொருள். கைவிரலும் கால்விரலும் சேர்ந்தால் ஒரு முழு எண்ணிக்கை. எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இருபதுக்கு ஒரு கொடி, நானூறுக்கு முடிக்கற்றை போன்ற ஒரு குறி, எண்ணாயிரத்துக்கு ஒரு பை. நாட்காட்டிக்குப் புள்ளிகள் மட்டும் போதும், ஏனென்றால் நாட்களின் எண் 13-ஐத் தாண்டாது.

இரண்டாம் படி: இருபது நாள் குறிகள்

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறக்கூடாது.

1. சிபாக்த்லி – முதலை
2. எஹேகாத்ல் – காற்று
3. கல்லி – வீடு
4. குவெத்ஸ்பாலின் – பல்லி
5. கோவாத்ல் – பாம்பு
6. மிகிஸ்த்லி – சாவு
7. மசாத்ல் – மான்
8. தோச்த்லி – முயல்
9. ஆத்ல் – தண்ணீர்
10. இத்ஸ்குவின்த்லி – நாய்
11. ஓசோமாத்லி – குரங்கு
12. மலினல்லி – புல்
13. ஆகாத்ல் – நாணல்
14. ஓசெலோத்ல் – ஜாகுவார்
15. குவாவ்த்லி – கழுகு
16. கோஸ்காகுவாவ்த்லி – பிணந்தின்னிக் கழுகு
17. ஓலின் – அசைவு
18. தெக்பாத்ல் – கல்கத்தி
19. கியாவித்ல் – மழை
20. ஷோசித்ல் – பூ

‘அசைவு’ என்பதை நிலநடுக்கம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் அந்தச் சொல் ஒன்றாகவே சுமக்கிறது. இனி நான் தமிழ்ப் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

மூன்றாம் படி: கட்டம் போடுங்கள்

இதுதான் முக்கியமான இடம். இங்கே அவசரப்பட வேண்டாம்.

நோட்டில் 20 வரிசையும் 13 பத்தியும் வருமாறு கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக முதலை, காற்று, வீடு என்று இருபது பெயரையும் எழுதுங்கள். இப்போது முதல் பத்தியில் மேலிருந்து 1, 2, 3 என்று நிரப்பிக்கொண்டே வாருங்கள். நாணலுக்கு நேராக 13 வரும். அதோடு எண் முடிந்தது. அடுத்த வரிசையில் 14 போடக்கூடாது, மறுபடியும் 1 போட வேண்டும். எனவே ஜாகுவாருக்கு 1, கழுகுக்கு 2, பிணந்தின்னிக் கழுகுக்கு 3 என்று போய், பூவுக்கு 7 வந்து நிற்கும். குறிகள் இருபதும் தீர்ந்துவிட்டதால் மேலே போய் இரண்டாவது பத்தியைத் தொடங்குங்கள். முதலைக்கு இப்போது 8. காற்றுக்கு 9.

எண்ணும் குறியும் இரண்டும் தினமும் ஒரு அடி நகர்கின்றன என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ‘1 முதலை’க்கு மறுநாள் ‘1 காற்று’ அல்ல, ‘2 காற்று’. நம் தேதியும் கிழமையும் இப்படித்தான் ஒன்றாக நகர்கின்றன. பத்தாம் தேதி திங்கள் என்றால் மறுநாள் பதினொன்றாம் தேதி செவ்வாய். அதே வேலைதான் இங்கும்.

பதின்மூன்று பத்தியையும் நிரப்பி முடித்தபின் முதலையின் வரிசையை மட்டும் இடமிருந்து வலமாகப் படியுங்கள்: 1, 8, 2, 9, 3, 10, 4, 11, 5, 12, 6, 13, 7. பதின்மூன்று எண்ணும் வந்துவிட்டன, எதுவும் இரண்டு முறை வரவில்லை. வேறு எந்த வரிசையை எடுத்தாலும் இதே கதைதான். 13-க்கும் 20-க்கும் பொது வகுஎண் இல்லாததால் வருவது இது. மொத்தம் 260 கட்டங்கள், 260 வெவ்வேறு பெயர்கள். 261-ஆவது நாள் மீண்டும் ‘1 முதலை’. நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பதுதான் ‘தோனல்போவல்லி’, அதாவது நாட்களின் எண்ணிக்கை. நான் இதை முதன்முதலாக நிரப்பிய மாலையில், கடைசிக் கட்டத்தில் ‘13 பூ’ சரியாக வந்து உட்கார்ந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

ஏன் 260 என்று உடனே கேட்பீர்கள். ஒரு பிள்ளை வயிற்றில் இருக்கும் காலம் ஏறக்குறைய இவ்வளவு என்பது ஒரு விளக்கம். விரல்கள் இருபது, வானத்தின் அடுக்குகள் பதின்மூன்று என்பது இன்னொன்று. வட அகலாங்கு 15 பாகையை ஒட்டிய இடங்களில் சூரியன் உச்சிக்கு வரும் இரண்டு நாட்களுக்கு இடையே ஒரு பக்கம் 260 நாள் விழுகிறது என்பது மூன்றாவது. பிள்ளைப்பேற்றுக் கணக்குதான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. பெயர் வைப்பதோடு இந்த எண்ணிக்கை அவ்வளவு பிணைந்திருக்கிறது.

நான்காம் படி: நாள் என்பது வெறும் எண் அல்ல

‘தோனல்லி’ என்ற சொல்லுக்குச் சூரியனின் வெப்பம், நாள், ஒரு மனிதனுக்குள் இருக்கும் உயிர்ச்சூடு, அவன் விதி என்று எல்லாமே பொருள். பிறந்த நாளின் பெயர் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பிள்ளை பிறந்ததும் ‘தோனல்போவ்கி’ என்ற நாள் எண்ணுபவரை வீட்டுக்கு அழைத்தார்கள். அவர் ‘தோனலாமாத்ல்’ என்ற மடிப்புப் புத்தகத்தை விரித்து நாளின் குணத்தைச் சொல்வார். நாள் நன்றாக இருந்தால் உடனே நீராட்டிப் பெயர் சூட்டுவார்கள். மோசமாக இருந்தால், அதே பதின்மூன்று நாள் தொகுதிக்குள் நல்ல நாள் ஒன்றுக்கு நீராட்டைத் தள்ளி வைப்பார்கள். விதி இருந்தது, அதை நயமாகத் திருப்பவும் வழி இருந்தது. இந்த இடத்தைப் பலர் கவனிப்பதில்லை.

அந்தப் பதின்மூன்று நாள் தொகுதிதான் அடுத்த அலகு. உங்கள் கட்டத்தில் எங்கெல்லாம் 1 வருகிறதோ அங்கெல்லாம் ஒரு தொகுதி தொடங்குகிறது. 1 முதலை, பிறகு 1 ஜாகுவார், 1 மான், 1 பூ, 1 நாணல் என்று மொத்தம் இருபது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம் காவல். பாரிஸில் பிரெஞ்சு நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கும் போர்போனிக்கஸ் சுவடியில் ஒரு பக்கத்துக்கு ஒரு தொகுதி என்று வரைந்திருக்கிறார்கள். பக்கத்தின் பெரும்பகுதியில் காவல் தெய்வம், கீழேயும் ஓரத்திலும் சிறு கட்டங்களில் பதின்மூன்று நாட்கள். முதல் இரண்டு தொகுதிகளின் பக்கங்கள் தொலைந்துவிட்டன, மீதி 18 இருக்கின்றன. இணையத்தில் அதன் படங்கள் கிடைக்கும். உங்கள் கட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையாவது எண்ணிப் பாருங்கள்.

நாட்களின் குணங்களை நமக்கு மிக விரிவாகச் சொல்வது பெர்னார்தினோ தெ சாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி. நாவாட்டில் முதியவர்களிடம் கேட்டு, நாவாட்டில் படித்த மாணவர்களை வைத்து எழுதி, 1577 வாக்கில் முடித்த பன்னிரண்டு பாகத் தொகுப்பில் நான்காவது பாகம் முழுவதும் இதுதான். ‘2 முயல்’ அன்று பிறந்தவன் குடிக்கு அடிமையாவான். ‘4 நாய்’ அன்று பிறந்தவன் நாய் வளர்த்துப் பிழைப்பான். ‘7 பூ’ ஓவியர்களும் பூத்தையல் செய்யும் பெண்களும் கொண்டாடிய நாள். ‘1 மான்’, ‘1 மழை’, ‘1 குரங்கு’, ‘1 வீடு’, ‘1 கழுகு’ ஆகிய ஐந்து நாட்களில், பிரசவத்தில் இறந்து தெய்வமான பெண்கள் நாற்சந்திகளில் இறங்குவார்கள் என்பதால் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். ‘1 பாம்பு’ தூரதேச வணிகர்கள் பயணம் புறப்படக் காத்திருந்த நாள். இந்தக் கடைசி நாளை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஐந்தாம் படி: 365 நாள் ஆண்டு

இரண்டாவது எண்ணிக்கைக்கு ‘ஷியூபோவல்லி’ என்று பெயர், ஆண்டுகளின் எண்ணிக்கை. இருபது நாள் கொண்ட 18 மாதங்கள், ஆக 360. கடைசியில் ஐந்து உபரி நாட்கள்.

மாதங்களின் பெயர்களே வேலைகளையும் விழாக்களையும் சொல்கின்றன. எத்ஸால்குவாலிஸ்த்லி மாதத்தில் மக்காச்சோளமும் அவரையும் சேர்த்து வேகவைத்த எத்ஸாலியை வீட்டுக்கு வீடு சமைத்தார்கள். மழை தொடங்கிய காலம், த்லாலோக் தெய்வத்துக்கான மாதம். ஓச்பானிஸ்த்லி என்றால் பெருக்குதல். வீடு, தெரு, கோயில் எல்லாம் துடைப்பத்தால் பெருக்கப்படும். பான்கெத்ஸாலிஸ்த்லி கொடிகளை உயர்த்தும் மாதம், வித்சிலோபோச்த்லி தெய்வத்துக்கு உரியது. தோஷ்காத்ல் விழாவின்போதுதான் 1520 மே மாதத்தில் ஸ்பானியப் படைத்தலைவன் பெத்ரோ தெ அல்வராதோவின் ஆட்கள் கோயில் முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களை வாயில்களை அடைத்து வெட்டிக் கொன்றார்கள். நகரம் எழுந்து போரிட்டதற்கு அந்த நாள்தான் காரணம்.

மாத விழாக்கள் பலவற்றில் நரபலி இருந்தது. அதை மறைத்து எழுதினால் நாட்காட்டி பொய்யாகிவிடும். உலகம் ஓடுவதற்குச் சூரியனுக்கு உணவு வேண்டும் என்ற அவர்கள் நம்பிக்கையும் இந்த எண்ணிக்கையும் ஒரே துணியின் இழைகள். அதை மட்டுமே காட்டிப் படம் போடுகிறவர்கள் மீதி எல்லாவற்றையும் தொலைக்கிறார்கள்.

சந்தையும் இந்தக் கணக்கில்தான் ஓடியது. பல ஊர்களில் ஐந்து நாளுக்கு ஒரு முறை சந்தை கூடும். மாதத்துக்கு நான்கு சந்தை.

கடைசி ஐந்து நாட்களுக்கு ‘நெமொன்தெமி’ என்று பெயர். எந்தத் தெய்வத்துக்கும் உரியதல்லாத நாட்கள். வேலை இல்லை, விழா இல்லை. அந்த நாட்களில் சண்டை போட்டால் ஆண்டு முழுவதும் சண்டை, கால் இடறி விழுந்தால் எப்போதும் இடறல் என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள் என்கிறார் சாகூன். அப்போது பிறந்த ஆண்பிள்ளைக்கு நெமோன் என்று பெயர் வைத்தார்கள், ‘வீண்’ என்ற சொல்லின் சாயல் அதில் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஐந்து நாட்களிலும் 260 நாள் எண்ணிக்கை நிற்காது. அது எதற்காகவும் நிற்பதில்லை.

லீப் ஆண்டு இருந்ததா? நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நெமொன்தெமி ஆறு நாளாகியிருக்கலாம் என்று சாகூன் எழுதுகிறார். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. காரணம் அடுத்த படியில் உங்களுக்கே தெரியும். ஒரு நாளைச் செருகினால் ஆண்டுகளின் பெயர் வரிசை உடைந்துவிடும்.

ஆறாம் படி: ஆண்டுக்குப் பெயர் வைப்பது

இரண்டு எண்ணிக்கையும் இங்கே சந்திக்கின்றன. 365-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 1. இருபதால் வகுத்தால் மீதி 5. ஓர் ஆண்டு கழித்து அதே இடத்துக்கு வரும் நாளின் எண் ஒன்று கூடியிருக்கும், குறி ஐந்து தள்ளிப் போயிருக்கும். ஐந்தைந்தாகத் தாவினால் இருபதில் நான்கு குறிகள் மட்டுமே அகப்படும். அவை முயல், நாணல், கல்கத்தி, வீடு. ஆண்டுகளுக்குப் பெயர் தருபவை இந்த நான்கு மட்டுமே.

வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 1519 ‘1 நாணல்’. 1520 ‘2 கல்கத்தி’. 1521 ‘3 வீடு’. 1522 ‘4 முயல்’. 1523 ‘5 நாணல்’. நான்கு குறி, பதின்மூன்று எண், ஆக 52 வெவ்வேறு ஆண்டுப் பெயர்கள். 53-ஆவது ஆண்டில் பழைய பெயர் திரும்பும். இரண்டு எண்ணிக்கையும் ஒரே புள்ளியில் மறுபடி சந்திப்பதும் அப்போதுதான்: 52 × 365-உம் 73 × 260-உம் ஒன்றே, 18,980 நாட்கள்.

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. ‘1 நாணல்’ என்று ஒரு கல்லில் இருந்தால் அது 1519-ஆகவும் இருக்கலாம், 1467-ஆகவும் இருக்கலாம். எந்தச் சுற்று என்று ஆண்டுப் பெயர் சொல்லாது. வேறு சான்று வேண்டும். மெக்சிகோ நகர மானுடவியல் அருங்காட்சியகத்தில் தெனோச்தித்லான் பெருங்கோயிலின் அர்ப்பணிப்புக் கல் ஒன்று இருக்கிறது. கீழே பெரிதாக ‘8 நாணல்’. மேலே தீசோக், அவன் தம்பி அவித்சோத்ல் என இரு அரசர்களும் எதிரெதிரே நிற்கிறார்கள். அந்த இருவர் இருப்பதால்தான் இந்த 8 நாணல் 1487 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. 1519-லிருந்து பின்னோக்கி 32 ஆண்டு எண்ணிப் பாருங்கள், சரியாக 8 நாணல் வரும்.

ஏழாம் படி: ஆண்டுகளைக் கட்டுதல்

52 ஆண்டுச் சுற்றுக்கு ‘ஷியூமோல்பில்லி’ என்று பெயர், ஆண்டுகளின் கட்டு. ஆண்டுக்கு ஒரு நாணல் என 52 நாணல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுகளைக் கல்லில் வடித்துப் புதைத்திருக்கிறார்கள்.

கட்டு முடியும் இரவில் நாட்டில் ஒரு நெருப்பும் எரியாது. அடுப்பு, கோயில் தீ எல்லாம் அணைந்திருக்கும். வீட்டுச் சாமி உருவங்களையும் அடுப்புக் கற்களையும் உலக்கைகளையும் தண்ணீரில் எறிந்துவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்குக் கற்றாழை மடலால் முகமூடி போட்டுத் தானியக் குதிருக்குள் வைப்பார்கள், சூரியன் வராமல் போனால் அவர்கள் கொடிய விலங்காக மாறிவிடுவார்கள் என்ற அச்சம். பிள்ளைகளைத் தூங்கவிடாமல் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பார்கள், தூங்கினால் எலியாகிவிடுமாம். எல்லோரும் கூரைமேல் ஏறி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே இத்ஸ்தபலாபாவுக்கு அருகே விஷச்த்லான் மலை, இன்று அதற்கு நட்சத்திர மலை என்று பெயர்.

பூசாரிகள் அந்த மலை உச்சியில் நள்ளிரவில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதை அவர்கள் ‘தியான்கிஸ்த்லி’, சந்தை, என்று அழைத்தார்கள். வானில் கூட்டமாகக் கூடி நிற்பதால் அந்தப் பெயராக இருக்க வேண்டும். அது நடுவானைத் தாண்டி நகர்ந்துவிட்டால் உலகம் இன்னும் 52 ஆண்டு ஓடும். உடனே பலியிடப்படும் போர்க்கைதி ஒருவனின் மார்பின்மீது கடைகோலைச் சுழற்றித் தீ எடுப்பார்கள். அந்தத் தீ முதலில் தெனோச்தித்லானின் பெருங்கோயிலுக்கு, அங்கிருந்து மற்றக் கோயில்களுக்கு, பிறகு தெருத்தெருவாக, கடைசியில் ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் ஓட்டக்காரர்கள் கையில் போய்ச் சேரும்.

கடைசியாக இது நடந்தது 1507-ல், இரண்டாம் மொக்தெசூமாவின் ஆட்சியில், ‘2 நாணல்’ ஆண்டில். முன்பு ‘1 முயல்’ ஆண்டில் நடந்ததை ஓர் ஆண்டு தள்ளி வைத்ததாக மரபு. 1454-ஆம் ஆண்டின் ‘1 முயல்’ அவ்வளவு கொடிய பஞ்சத்தோடு மக்கள் நினைவில் நின்றது. ஆட்டங்காணாத நாட்காட்டிக்குள்ளும் அனுபவம் இப்படிக் கை வைத்திருக்கிறது.

இரண்டு கட்டு சேர்ந்தால் 104 ஆண்டு, அதற்கு ‘வெவெதிலிஸ்த்லி’, முதுமை, என்று பெயர். 584 நாளுக்கு ஒரு முறை திரும்பும் வெள்ளிக் கோளின் 65 சுற்றும் அங்கே வந்து முடிகிறது. 104 × 365, 146 × 260, 65 × 584 மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 37,960.

நாளுக்குள் நேரம்

கடிகாரம் கிடையாது, ஆனால் ஒழுங்கு இருந்தது. கோயிலில் பகலில் நான்கு முறை, இரவில் ஐந்து முறை தூபம் காட்டினார்கள். இரவின் ஐந்தும் அழகானவை: இருட்டியதும், ஊர் படுக்கப் போகும்போது, சங்கு ஊதும்போது, நள்ளிரவில், விடியலுக்குச் சற்று முன். ஆக்ஸ்போர்டில் இருக்கும் மெந்தோசா சுவடியில் தலைமைப் பூசாரி ஒருவர் அமர்ந்து நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணிக்கும் படம் இருக்கிறது. கட்டடங்களும் கருவியாயின. த்லாகாஷிப்பேவலிஸ்த்லி மாத விழாவின்போது சூரியன் பெருங்கோயிலின் நடுவே உதித்ததாகவும், கட்டடம் சற்றுக் கோணலாக இருந்ததால் மொக்தெசூமா அதை இடித்து நேராக்க விரும்பியதாகவும் மொத்தோலினியா என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார்.

எட்டாம் படி: இப்போது கல்லைப் பாருங்கள்

1790 டிசம்பர் 17 அன்று மெக்சிகோ நகரின் பெரிய சதுக்கத்தில் நடந்த வேலையின்போது சூரியக் கல் வெளிவந்தது. குறுக்களவு ஏறக்குறைய 3.6 மீட்டர், எடை சுமார் 24 டன். எரிமலைக் கல். தேவாலயச் சுவரில் பல்லாண்டு பொருத்தப்பட்டிருந்து, 1885-ல் அருங்காட்சியகத்துக்குப் போனது.

வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து படியுங்கள். நடுமுகத்தைச் சுற்றியிருக்கும் வடிவமே ‘4 அசைவு’ என்ற நாள், அதாவது நாம் வாழும் ஐந்தாவது சூரியனின், ஐந்தாவது யுகத்தின், பெயர். அது நிலநடுக்கத்தில் முடியும் என்பது நம்பிக்கை. அந்த வடிவத்தின் நான்கு கைகளுக்குள் அழிந்துபோன முந்தைய நான்கு சூரியன்கள்: 4 ஜாகுவார், 4 காற்று, 4 மழை, 4 தண்ணீர். ஒவ்வொன்றிலும் நான்கு புள்ளிகள் தெரியும். அடுத்த வளையத்தில் உங்கள் இருபது குறிகளும் இருக்கின்றன. மேலே நடுவிலிருந்து இடப்பக்கமாகப் போங்கள், முதலையில் தொடங்கும். விளிம்பைச் சுற்றி இரண்டு நெருப்புப் பாம்புகள், உச்சியில் அவற்றின் வால்களுக்கு இடையே ‘13 நாணல்’.

இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்: இந்தக் கல்லை வைத்து யாரும் தேதி பார்க்க முடியாது. குறிகள் இருக்கின்றன, அவற்றோடு சுழலும் 1 முதல் 13 வரையான எண்கள் இல்லை. இது காலத்தைப் பற்றிய கல், காலத்தைக் கணிக்கும் கருவி அல்ல. இதற்கும் மாயர்களைச் சொல்லிப் பரப்பிய 2012 உலக அழிவுக் கதைக்கும் எந்த உறவும் இல்லை. அந்தச் செய்திகளோடு இந்தக் கல்லின் படத்தைப் போட்டவர்கள் வேறொரு மக்களின் கல்லைப் போட்டார்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் தேதியைக் கணியுங்கள்

மெக்சிகோ தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ, நாவாட்டில் பதிவுகளையும் ஸ்பானியப் பதிவுகளையும் ஒப்பிட்டு இரண்டு நாட்காட்டிகளையும் இணைத்தார். அவர் பிடித்துக்கொண்ட ஆணி, தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்த நாள்: அன்று ஐரோப்பாவில் இருந்த ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் 1521 ஆகஸ்ட் 13, ‘3 வீடு’ ஆண்டில் ‘1 பாம்பு’. வணிகர்கள் பயணம் தொடங்கக் காத்திருந்த அதே நாள்.

அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் 2000 ஜனவரி 1 ‘11 காற்று’ ஆகிறது. அதை வைத்து எந்த நாளையும் கணிக்கலாம். 2000 ஜனவரி 1-லிருந்து உங்கள் தேதிவரை எத்தனை நாள் என்று பாருங்கள். அதை 13-ஆல் வகுத்து மீதியை 11-உடன் கூட்டுங்கள், 13-ஐத் தாண்டினால் 13-ஐக் கழியுங்கள். அதுதான் எண். பிறகு இருபதால் வகுத்து மீதியை 2-உடன் கூட்டுங்கள், காற்று பட்டியலில் இரண்டாவது என்பதால் 2. இருபதைத் தாண்டினால் 20-ஐக் கழியுங்கள். பட்டியலில் அந்த இடத்தில் இருப்பதுதான் குறி.

2000-க்கு முந்தைய தேதி என்றால் கூட்டுவதற்குப் பதில் கழியுங்கள். விடை பூஜ்யமாகவோ அதற்குக் கீழாகவோ போனால் 13-ஐயோ 20-ஐயோ கூட்டிக்கொள்ளுங்கள். மனிதன் நிலவில் இறங்கிய 1969 ஜூலை 20-ஐ எடுப்போம். இடைவெளி 11,122 நாட்கள். 13-ஆல் வகுக்க மீதி 7, பதினொன்றில் ஏழு போக 4. இருபதால் வகுக்க மீதி 2, இரண்டில் இரண்டு போகப் பூஜ்யம், இருபதைக் கூட்ட 20, பூ. அன்று ‘4 பூ’.

மாதமும் ஆண்டுத் தொடக்கமும் இவ்வளவு எளிதில் அகப்படாது. ஆண்டு எந்த மாதத்தில் தொடங்கியது என்பதில் பழைய எழுத்தாளர்களே ஒத்துப்போவதில்லை, சாகூன் பிப்ரவரி 2 என்கிறார், மற்றவர்கள் வேறு சொல்கிறார்கள். 260 நாள் கணக்கோடு நிறுத்திக்கொண்டால் உறுதியான நிலத்தில் நிற்பீர்கள்.

அது உறுதியான நிலம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. குவாத்தமாலா மலைநாட்டில் மோமோஸ்தெனாங்கோ என்ற ஊரில் கிச்சே மாயர்கள் இன்றும் இந்த 260 நாட்களை எண்ணுகிறார்கள். அவர்களிடம் நாள்காப்பவர்கள் இருக்கிறார்கள், புதியவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்கும் பெருநாள் ‘8 பாட்ஸ்’. பாட்ஸ் என்பது பதினொன்றாவது குறி, நம் பட்டியலில் குரங்கு. 2024-ல் அது மே 3 அன்று வந்தது. கணித்துப் பாருங்கள்: 2000 ஜனவரி 1-லிருந்து 8,889 நாட்கள். 13-ஆல் வகுக்க மீதி 10, பதினொன்றைக் கூட்ட 21, பதின்மூன்று போக 8. இருபதால் வகுக்க மீதி 9, இரண்டைக் கூட்ட 11, குரங்கு. தெனோச்தித்லான் எரிந்த நாளிலிருந்து நாம் காகிதத்தில் எண்ணி வந்ததும், அந்த மலையில் அவர்கள் ஒரு நாள்கூட விடாமல் எண்ணி வந்ததும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கின்றன.

2026-ல் 8 குரங்கு ஜூன் 22. உங்கள் கட்டத்தில் அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு நாளாக நகர்த்தத் தொடங்குங்கள்.